வெள்ளிக்கிழமையில் நிறுத்திய ஊர்

எமில் ஹவ்ரில்லாவின் வீட்டு வாசலில் காலணிப் பனியைத் தட்டிக்கொண்டு நான் நின்றபோது, பிற்பகல் வெளிச்சம் நிலக்கரி மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. கதவைத் திறந்தவர் அவன் மனைவி டொலோரஸ். சமையலறையில் வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் மணம். அதற்கு அடியில், கருகிய மண்ணின் நெடி.

"வாங்க வாத்தியாரே. அடுப்புல மண்ணை வறுக்கிற மனுசன் இந்தப் பென்சில்வேனியாவுலயே எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். போன வாரம் சுட்ட ரொட்டியை நாய்கூடத் திங்கல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கீழ போய் என்னன்னு பாருங்க. சாப்பாட்டுக்குக்கூட மேல வரமாட்டேங்கிறார்."

எமிலின் நிலவறை முழுவதும் அவன் கையால் கட்டிய ஒரு மாதிரி ரயில் ஊர். மார்பளவு உயர மேசைகளில் எங்கள் பள்ளத்தாக்கே சுருங்கி உட்கார்ந்திருந்தது. தேவாலயம், சுரங்கத்தின் கோபுரம், மலைச் சரிவில் எமிலின் வீடு, எல்லாவற்றையும் சுற்றிவரும் கைவிரல் அகலத் தண்டவாளம். இந்தக் கலையில் ஊறியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதேனும் ஓர் ஆண்டின் ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அந்த நாளோடு ஊரை நிறுத்திவிடுவார்கள். மரத்தின் இலை நிறம், கடையின் விளம்பரப் பலகை, தெருவில் நிற்கும் கார் என எல்லாமே அந்த ஒரு நாளுக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

எமில் தேர்ந்தது ஓர் அக்டோபர் வெள்ளிக்கிழமை. ஏன் என்று ஊரில் எவரும் அவனைக் கேட்டதில்லை. அதற்கு மறுநாள், கொட்டும் மழையில், கேட் இல்லாத லெவல் கிராசிங்கில், அவர்களுடைய ஒரே மகன் மார்ட்டியின் நீலக் காரை நிலக்கரி ரயில் அடித்துச் சென்றது. ஆனால் எமிலின் ஊரில் அந்த நீலக் கார் வீட்டு வாசலிலேயே நிற்கும். அங்கே சனிக்கிழமை விடிவதே இல்லை.

எமில் மேசைமேல் குனிந்திருந்தான். முகம் சவரம் காணாமல் வெளுத்திருந்தது. ரயிலை எத்தனை முறை ஓடவிட்டாலும் கிராசிங்கில் நின்றுவிடுகிறது என்றும், அந்த இடத்தில் மின்சாரம் ஷார்ட் ஆகிறது என்றும் சொன்னான். பள்ளியில் நான் பௌதிகம் நடத்தியவன் என்பதால் இத்தகைய கோளாறுகளுக்கு என்னை அழைப்பது அவன் பழக்கம்.

முறைப்படி தொடங்கினோம். ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்தோம். எஞ்சினைக் கவிழ்த்துச் சக்கரங்களைச் சுரண்டினோம். மேசைக்கடியில் படுத்து ஒவ்வொரு சாலிடர் இணைப்பையும் இழுத்துப் பார்த்தேன். மீட்டரை வைத்தால் கிராசிங்குக்கு இப்பாலும் அப்பாலும் பழுதில்லை. இடையில் ஓர் உள்ளங்கை அகலத்தில் மட்டும் இரண்டு தண்டவாளங்களையும் ஏதோ ஒன்று இணைத்துக்கொண்டிருந்தது. கம்பித் துண்டு எதுவும் கிடைக்கவில்லை. தண்டவாளத்தினடியில் பரப்பியிருந்த மண்ணில் விரலை வைத்தேன்.

ஈரம்.

கூரையில் கசிவு இல்லை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது; அதன் வாளி காய்ந்து கிடந்தது. விரலை முகர்ந்தேன். மழையும் நனைந்த நிலக்கரியும் கலந்த நாற்றம்.

"இந்த மண்ணு எங்கே எடுத்தது, எமில்?"

அவன் கட்டைவிரலால் தண்டவாளத்தைத் தடவினான். உண்மையான இடத்து மண்ணைக் கொண்டுவந்து, சலித்து, பூச்சி சாக அடுப்பில் வறுத்து, இரும்புத்தூள் நீங்கக் காந்தம் ஓட்டிப் பரப்புவது இவர்களுடைய பெருமை. வண்ணப் பொடியால் அந்த நிறம் வருவதில்லை.

"கிராசிங்கிலேயேதான் எடுத்தேன்" என்றான் கடைசியில். "நிறம் அச்சு அசலா வரணும்னு பார்த்தேன்யா. வேற ஒண்ணும் நினைக்கல."

"ஊரை வெள்ளிக்கிழமையில நிறுத்தி வெச்சிருக்கே. இது சனிக்கிழமையைப் பார்த்த மண்ணாச்சே."

"தெரியும். இப்பத்தான் தெரியுது." அவன் விரலை நீட்டினான்.

நீலக் கார் வீட்டு வாசலில் இல்லை. மலைச் சாலையின் பாதி வளைவில், கிராசிங்கைப் பார்த்தபடி நின்றது.

"நான் தொடல. நேத்து தேவாலயத்துக்கிட்ட இருந்தது. கொண்டுபோய் வாசல்ல வெப்பேன். கண் அசந்தா இறங்கியிருக்கும்."

 கரண்டியால் அந்த மண் முழுவதையும் சுரண்டினோம். அடிப்பலகை வெறுமையாகத் தெரியும்வரை துடைத்தோம். ரயிலின் மின்செருகியைச் சுவரிலிருந்து நானே பிடுங்கினேன்.



வெறும் பலகை மெல்லக் கறுத்தது. உள்ளிருந்து நனைவது போல.

மேசை ஊரின் காய்ந்த கூரைகளின்மேல் மழைச் சத்தம்.

எஞ்சினின் முன்விளக்கு எரிந்தது. செருகி என் கையில்தான் இருந்தது.

ரயில் நகர்ந்தது. மலைச் சாலையில் நீலக் கார், யாரோ பிரேக்கை விட்டது போல, உருளத் தொடங்கியது. எமில் ஒலியின்றிப் பாய்ந்து அதைத் தண்டவாளத்தின் விளிம்பில் பற்றி எடுத்தான். காலியான கிராசிங்கை ரயில் கடந்தது. சற்றுத் தொலைவு சென்று விளக்கணைந்து நின்றது.

அவன் காரை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"எல்லாத்தையும் பிரிச்சு எரிச்சிடலாம்யா" என்றேன்.

"எரிச்சா அவன் எங்கே போவான்?" என்று கிசுகிசுத்தான். "அவன் இன்னும் சாகாத இடம் இது ஒண்ணுதான்."

பள்ளிப் பாடக் கதைகளில், தவறு செய்த நரிக்கும் காகத்துக்கும் முடிவில் ஒரு படிப்பினை கிடைக்கும். இங்கே படிப்பினையைத் தேடித் தோற்றேன். நிறம் பொருந்த வேண்டும் என்று ஒரு தகப்பன் இரண்டு கைப்பிடி மண் அள்ளினான். அவ்வளவுதான் அவன் செய்தது.

குளிர்காலம் முடியுமுன் எமிலுக்குப் பக்கவாதம் கண்டது. பேச்சு போயிற்று. மருத்துவமனைக் கட்டிலில் அவனுடைய இடக்கை மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. போர்வையின் மடிப்புகளில் எதையோ மேட்டுக்குத் தள்ளிச் செல்வது போல. செவிலியர்கள் அதை வலிப்பு என்றார்கள். அவன் கண்கள் என்னையே பார்த்தன. காரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலையசைத்தேன்.

டொலோரஸ் காரணம் கேட்காமல் நிலவறைச் சாவியைக் கொடுத்தார். "கீழ என்ன இருக்குன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வாத்தியாரே. ஒரு தடவை அவனைப் புதைச்சது போதும்" என்றார். அவர் படியிறங்குவதில்லை; உணவுத் தட்டை மேற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

அன்றிலிருந்து நான்தான் பலகையைத் துடைக்கிறேன். காரை எடுத்து வாசலில் நிறுத்துகிறேன். மண் எப்போதோ போய்விட்டது, ஈரம் போகவில்லை. முதலில் நாளுக்கு ஒரு முறை வந்தால் போதுமாக இருந்தது. இப்போது நாற்காலியை விட்டு எழவே அஞ்சுகிறேன். எனக்கும் வயதாகிறது. எனக்குப் பின் யாரிடம் இதைச் சொல்வது, சொன்னால் யார் நம்புவார்கள் என்பது தெரியவில்லை.

இன்று பிற்பகல் காரைத் தூக்கியபோது அதன் கண்ணாடிகள் வெளுத்திருந்தன. கைத்துணியால் துடைத்தேன், போகவில்லை. விளக்கின் அருகில் கொண்டுசென்று பார்த்தேன்.

மூச்சின் ஆவி படிந்திருந்தது.

உட்புறத்தில்.

நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, ஓட்டுநர் பக்கத்து ஆவியில் நூலிழை அகலத்துக்கு ஒரு கோடு, மெதுவாக, உள்ளிருந்து துடைக்கப்பட்டது.