ஓட்டைப் பிரித்த கான்ட்ராக்டர்

ஒருவன் பிடித்த குடைக்குள் நின்றுகொண்டு அவனையே திட்டலாமா? பூமாரி திட்டினாள்... தெரியாமல்தான்!

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஆடி மாசம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியதுமே சாரல் பிடித்துக்கொண்டது. கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கியவளின் மீது திடீரென்று மழை நின்றது. நிமிர்ந்தாள். ஒரு கறுப்புக் குடை. அதன் கீழே நெடுநெடுவென்று ஓர் இளைஞன். மழைத்துளி தங்கிய இமைகளோடு அவள் பார்த்த அந்த ஒரு பார்வையில்... அவனுக்கு வந்த காரியமே மறந்துபோயிற்று.

"எங்கன போகணும்?"

"கட்டட ஆபீசுக்கு. ஒரு கான்ட்ராக்டரைத் தொலைச்சுக் கட்டணும்!"

குடை லேசாக ஆடியது.

"அவரு என்ன செஞ்சாரு?"

"பனவடலிசத்திரத்துப் பக்கம் எங்க பள்ளிக்கூடம். நான் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தப்ப வந்து, புதுசாக் கட்டுதேன்னு பழைய கூரை ஓட்டைப் பூராவும் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். போனவன் போனவன்தான்! என் கிளாஸ் பிள்ளைய எல்லாம் சாரல்ல நனைஞ்சுக்கிட்டுப் படிக்கி. வெவரங்கெட்ட மனுசன்! அவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

"கெடைச்சா?"

"பிரிச்ச ஓட்டைப் பூராவும் அவன் தலையில அடுக்கி நிறுத்திருவேன்!"

"ரொம்பக் கனக்குமே டீச்சர்..." என்றான் பரிதாபமாக. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த வெவரங்கெட்ட மனுசன் அவன்தான். சொல்லிவிட வாயெடுத்தான்... அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை.

அவன் செய்தது தப்புதான். ஆனால் செய்ய வைத்தது யார்? சித்திரையிலேயே டெண்டர் அவன் பேருக்கு விழுந்துவிட்டது. வேலை ஆர்டர் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்றார்கள். வைகாசி போனது. ஆனியும் முடியப் பார்த்தது. ஆடி பிறந்துவிட்டால் எந்தக் கொத்தனார் புது வேலைக்கு நூல் பிடிப்பார்? ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பூஜை போட்டுப் பழைய ஓட்டைப் பிரித்துவிட்டால், ஆரம்பித்த வேலை என்று ஆடியிலும் தொடரலாம். இந்தப் பக்கத்துக் கான்ட்ராக்டர்கள் செய்கிற தந்திரம்தான். ஆர்டர் பின்னாலேயே வந்துவிடும் என்று நம்பினான். வந்ததோ சாரல்! ஆர்டர் இல்லாமல் ஒரு செங்கல் வைத்தாலும் ஆபீசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பீர் மைதீன் கொத்தனாரும் ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போய்க் கேட்டால் ஒரே பதில்: "பொறும்வே." சொல்கிறவர்களுக்கு என்ன, ஃபேனுக்குக் கீழேதானே உட்கார்ந்திருக்கிறார்கள்!

ஆபீஸ் பெஞ்சில் இருவரும் காத்திருந்தபோது, ஹெட்கிளார்க் கோமதிநாயகம் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு குரல் கொடுத்தார். "பனவடலிசத்திரம் கான்ட்ராக்டர் மூக்காண்டி! உள்ள வாரும்வே!"

எழுந்தவனைப் பூமாரி பார்த்தாள். அந்தப் பெரிய கண்களில் முதலில் திகைப்பு... அப்புறம் நெருப்பு.

"நீங்களா? கொடையப் பிடிச்சுக்கிட்டு என்னையக் கேலியா பண்ணுனிய?"

அவனை முந்திக்கொண்டு உள்ளே போய்ப் பொரிந்து தள்ளிவிட்டாள். கேட்கக் கேட்க ஹெட்கிளார்க் முகம் மலர்ந்தது; பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டதே!

"ஆர்டர் இல்லாமலா ஓட்டைப் பிரிச்சீரு? போச்சுவே! டெண்டரை ரத்து பண்ணிருதோம். அடுத்த வருசம் புது டெண்டர் விடுவோம்."

அடுத்த வருஷமா? அப்படியென்றால் ஐப்பசி அடைமழைக்குப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? பூமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சித்திரையில டெண்டர் விழுந்தாலும், ஆர்டர் வருமுன்ன பிரிச்சது என் தப்புதான் சார்," என்றான் மூக்காண்டி. "ரத்து பண்ணுங்க. வேலையை மட்டும் வேற யாருக்காவது இப்பவே குடுத்துருங்க. பிள்ளைய நனையுது."

தனக்காக அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூமாரியின் கோபம் அப்படியே திசை திரும்பியது.

"எதுக்கு சார் ரத்து? சித்திரையில விழுந்த டெண்டருக்கு ஆடி வரைக்கும் ஆர்டர் குடுக்காம என்ன செஞ்சிய?"

"கையெழுத்து ஆகணும்லாம்மா..."

"என் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைய கூட இதுக்குள்ள பேரெழுதப் படிச்சிட்டுது சார்! நாளைக்கு எல்லாத்தையும் கூட்டிட்டு வாரேன். உங்க வராந்தாவுலதான் இனிமே பாடம். இங்க கூரை நல்லாத்தானே இருக்கு!"

சொன்னபடியே வந்தாள். வாய்ப்பாட்டுச் சத்தத்தில் ஆபீஸே அதிர்ந்தது. ஏழாம் வாய்ப்பாடு முடிவதற்குள் ஆர்டரில் கையெழுத்தாகிவிட்டது.

சுவர் எழும்பியது. ஆனால் அவள் அவனோடு பேசவில்லை. அவன் குடைக்குள் நின்றே அவனைத் திட்டிவிட்டு எந்த முகத்தோடு பேசுவதாம்? "உங்க கான்ட்ராக்டர்ட்ட சன்னலைப் பெருசா வைக்கச் சொல்லுங்க பாய்" என்று பீர் மைதீனிடம் சொல்வாள். நாலடி தள்ளி நிற்கிற மூக்காண்டி தலையாட்டுவான். கொத்தனார் தாடிக்குள் சிரித்துக்கொள்வார்.

ஐப்பசியில் முதல் மழை. புதுக் கட்டடத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாசலில் அதே கறுப்புக் குடையோடு அவன்...

"டீச்சர்... ஒண்ணு கேக்கணும். மூணு மாசமா நெனச்சுக்கிட்டே இருக்கேன். உங்களுக்குச் சம்மதம்னா... உங்க வீட்டுக்கு ஆளனுப்பலாமான்னு..."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. குரலில் மட்டும் அதே கோபம்.

"ஓட்டைப் பிரிக்கும்போது யாரையும் கேக்காமப் பிரிச்சியளே! இதுக்கு மட்டும் மூணு மாசமா? அந்தக் கொடைக்குள்ள நின்ன நாள்லருந்து நானும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"

மூக்காண்டி குடையை அவள் பக்கம் சாய்த்தான். குடைக்குள் வந்து நின்றவள் மெல்லச் சொன்னாள்.

"சீக்கிரம் ஆளனுப்புங்க... மார்கழி வந்திரும்."