அக்காவின் பாஸ்வேர்ட்

வீட்டில் அவளும் அக்காவுமாக இரண்டு பேர், இரண்டு ஃபோன்கள். ஆனால் வைஃபை ரவுட்டரோடு இணைந்திருப்பவை என்று மடிக்கணினி காட்டிய பட்டியலில் மூன்று ஃபோன்கள் இருந்தன.

மூன்றாவதன் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். அவள் கணவனுடைய ஃபோன். எட்டு மாதத்துக்கு முன் ஆற்றில் மூழ்கிப் போனான். உடல் கிடைத்தது. ஃபோன் கிடைக்கவில்லை.

அவளுக்கும் அவனுக்கும் ஒரே தொழில், அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது. ஒருவர் பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது அவன் ஏற்படுத்திய பழக்கம். வீட்டு ரவுட்டரையும் அவன்தான் மாட்டினான். அதை வைத்துக்கொண்டு அவள் யாரோடு பேசுகிறாள், என்ன படிக்கிறாள் என்று ஒன்றுவிடாமல் பார்த்தான். அவன் போனபிறகுதான் அவள் மூச்சுவிட்டாள். துணைக்கு அக்கா வந்தாள்.

பழைய பாஸ்வேர்டை அழித்தாள். குறியாக்க முறையையும் மாற்றிப் புதிதாக ஒன்று போட்டு, அக்காவுக்கு மட்டும் சொன்னாள். அரை மணியில் மூன்றாவது திரும்பி வந்தது. மறுநாளும் மாற்றினாள். மறுநாளும் வந்தது, தெருமுனையில் நின்றது வாசலுக்கு நகர்ந்ததுபோல, சிக்னல் இன்னும் பலமாக.

“யார்கிட்டயாவது சொன்னியாக்கா?”

“கொசுவ விட்டா இந்த வீட்ல யாருடி இருக்கா, சொல்றதுக்கு? அம்மா மேல சத்தியமா இல்ல.”

இவள் செய்த தப்புக்கெல்லாம் சின்ன வயதில் அடி வாங்கிக்கொண்ட அக்கா. சந்தேகப்படவே கூசியது. இருந்தாலும் மூன்றாம் நாள் மாலை, ஆளுக்கொரு பாஸ்வேர்டாகப் பிரித்துவைத்தாள். தன்னுடையதை வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை. அக்காவுடையதைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். வருகிறவன் யாருடையதை வைத்து வருகிறான் என்று ரவுட்டர் காட்டிவிடும்.

மழை இருட்டிக்கொண்டு வந்து ஜன்னல் கண்ணாடியில் இறங்க, எங்கிருந்தோ கிளம்பிய சேற்றுவாடை, காயாத துணிகளின் வாடையோடு கலந்து அவள் தொண்டைவரை வந்து நின்றது. மழைச் சத்தத்துக்கு அடியில் முன்கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. அக்காவின் குரல். ஓர் எழுத்து. ஓர் இடைவெளி.

இடைவெளியில் இன்னொரு குரல். அதே எழுத்து.

திரை மினுங்கியது.

மூன்றாவது. அக்காவின் பாஸ்வேர்டில்.

எழுந்தாள். சுவரைப் பிடித்து நடந்தாள்.

அக்கா முன்கதவின் கீழே குப்புறக் கவிழ்ந்திருந்தாள். கையில் அந்தத் தாள். உதடு கதவிடுக்கில்.

“சரியா வந்துச்சா தம்பி?”

“வந்துச்சுக்கா,” என்றது வெளியே இருந்தது. தண்ணீர் நிறைந்த வாயால் பேசுவதுபோல. “அவளோடது?”

அக்கா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். முகத்தில் கள்ளம் இல்லை. இரக்கம்தான் இருந்தது.

“நனையுறாருடி. மூணு நாளா நிக்கிறாரு.”

“அக்கா... வேணாம்க்கா...”

அக்கா மறுபடி இடுக்கில் குனிந்தாள். “அது எனக்குத் தெரியாது தம்பி. அவ இங்கதான் நிக்கிறா. நீங்களே கேட்டுக்கோங்க.”

அக்காவின் கை தாழ்ப்பாளுக்கு உயர்ந்தது.

கதவுக்கடியில் தண்ணீர். மண்நிறம். அதற்குள், உள்நோக்கி மெல்ல ஊர்ந்துவரும் ஒரு ஃபோன் வெளிச்சம்.