ஜோடி இல்லாத புள்ளி

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் மல்லிகைப் பூக்கூடைக்குத்தான் முதல் மரியாதை. மனிதர்களுக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான். இது தெரியாமல், சின்னாளபட்டியில் ஏறிய பரணி தன் தெர்மகோல் வளையத்தைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான்.

டிரைவர் ஒரு பிரேக் போட்டார். கூடை சரிந்து வளையத்தின்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

திண்டுக்கல்லில் அறிவியல் கண்காட்சி நடந்த பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, வளையம் இரண்டு துண்டாகவும் ஒரு கைப்பிடித் தூளாகவும் இருந்தது. ஆறாம் வகுப்புப் பரணி மூன்றாம் வகுப்புப் பையனைப்போல அழுதான்.

“எல்லாம் என்னாலதான் சுகன்யா!”

அவனுடன் வந்த வகுப்புத் தோழி சுகன்யா துண்டுகளைப் பொறுக்கி மேசையில் வைத்தாள். இந்த மேசைக்காக அவள் எவ்வளவு கெஞ்சியிருக்கிறாள்! நூலகத்துப் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உலகத்தில் எல்லாமே கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனவை. அதில் ஒவ்வொரு வகைத் துகளுக்கும் இதுவரை யாரும் பார்க்காத ஒரு ஜோடி இருக்கலாமாம். ஐரோப்பாவில், மண்ணுக்கு அடியில், இருபத்தேழு கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் துகள்களை மோதவிட்டு அதைத் தேடுகிறார்களாம். தன் விரல் நுனியில் இருக்கும் துகளுக்கும் ஒரு ஜோடி உண்டா? அவள் விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஐரோப்பா வளையத்தின் மாதிரியைத்தான் பரணி தெர்மகோலில் செய்திருந்தான்.

அறிவியல் ஆசிரியர் இளஞ்செழியன் வேகமாக வந்தார்.

“பத்து மணிக்கு நடுவர் வாராரு. மேசை காலியாக் கிடந்தா வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துருவாங்கம்மா. என்ன செய்யப்போறே?”

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பதே முக்கால்.

வளையத்தைச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்த சுங்குடித் துணி மேசையில் கிடந்தது. அது சுகன்யா முடிச்சுப் போட்ட துணி. துணியை இரண்டாக மடித்து, இரண்டு மடிப்பையும் சேர்த்துப் பிடித்து முடிச்சுப் போடுவது அவள் வீட்டு வழக்கம். சாயம் ஏறிய பிறகு முடிச்சை அவிழ்த்தால், இந்தப் பாதியில் ஒரு வெள்ளைப் புள்ளி, அந்தப் பாதியில் அதன் ஜோடி. ஆனால் சுகன்யா எங்கோ பராக்குப் பார்த்தபடி ஒரு முடிச்சில் மேல் மடிப்பை மட்டும் பிடித்துவிட்டாள். “கையில வேலைய வச்சுக்கிட்டு கண்ணு எங்கடி போகுது?” என்று அம்மா திட்டியதும், அந்தத் துணி பொட்டலம் கட்டப் போனதும் அப்படித்தான்.

சுகன்யா துணியை உதறி மேசை முழுக்க விரித்தாள்.

“ஐயோ, பிழை தெரியுதே! மறைச்சு வையி,” என்றான் பரணி.

“தெரியட்டும்லே. அதத்தான் காட்டப்போறோம்.”

“அப்ப என் வளையம்?”

“அதுவும் வேணும். முட்டுனதுக்கு அப்புறம் எப்படிச் சிதறும்னு நீதான் சொல்லணும். இம்புட்டு அழகா உடைக்க வேற யாரால முடியும்?”

பரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டான்.

நடுவருக்கு முன்பே ஒரு குட்டிப் பெண் வந்து நின்றாள். பெயர் சைதூன் என்றாள்.

“இந்தப் புள்ளிக்கு ஜோடி எங்க இருக்கு, சொல்லு பார்ப்போம்,” என்றாள் சுகன்யா.

சைதூன் கண்டுபிடித்தாள். இன்னொன்று, இன்னொன்று என்று விரல் வைத்துக்கொண்டே போனாள். திடீரென்று விரல் நின்றது.

“அக்கா, இதோட ஜோடியக் காணோம்!”

நடுவரும் அப்போது வந்து சேர்ந்திருந்தார். பரணி துண்டுகளைக் கையில் எடுத்தான்.

“துகள்கள் முட்டும்போது புதுசு புதுசாப் பொறக்கும் சார். அந்த ஜோடி வந்தாலும் கண்ணுல சிக்காம ஓடிருமாம். மத்ததெல்லாம் ஒரு பக்கமாச் சாஞ்சு சிதறுறத வச்சுத்தான், ஏதோ ஒண்ணு காணோம்னு கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சுட்டாங்களா?” என்று கேட்டார் நடுவர்.

“இன்னும் இல்ல சார்,” என்றாள் சுகன்யா.

“ஒருவேளை அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னா?”

சுகன்யா யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

“இந்தத் துணியில ஏன் இல்லைன்னு எனக்குத் தெரியும் சார். நான்தான் முடிச்ச விட்டுட்டேன். ஆனா உலகத்துல இருக்கா இல்லையான்னு யாருக்குமே தெரியாது. அந்தத் துணிய இன்னும் யாரும் முழுசா விரிச்சுப் பார்க்கல சார்.”

நடுவர் எழுதுவதை நிறுத்தினார். மேசையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருந்தது. எல்லோரும் அந்த ஒற்றைப் புள்ளியையே பார்த்தார்கள். சுகன்யா அதன்மேல் தன் விரல் நுனியை வைத்தாள். இவ்வளவு பெரிய உலகத்தில், பெரியவர்களுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது!

“நானும் தேட வாரேன்க்கா,” என்றாள் சைதூன் மெதுவாக.

“வா. நாம ரெண்டு பேரும் போவோம்.”

“நான்?” என்றான் பரணி.

“நீயும்தான். ஆனா வளையத்தப் பூக்கூடை பக்கத்துல வைக்கக் கூடாது.”

சாயங்காலம் வரை அந்த மேசையை வேறு யாருக்கும் கொடுக்கும் பேச்சே எழவில்லை. எழுந்திருந்தாலும், சுற்றி நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாராலும் அதன் அருகில் வந்திருக்க முடியாது.