ஒரு நாள் ஆள்காப்பு

காலையில் ஓட்டுநர் இல்லாத தானோடி வண்டி வந்து வாசலில் நிற்கும்போது சஷ்மிதா பெரும்பாலும் தலை பின்னிக்கொண்டிருப்பாள். அது காத்திருக்கும். ஏறி உட்கார்ந்ததும் இருக்கை அவள் முதுகுக்கு ஏற்பச் சாய்ந்துகொள்ளும். பீளமேட்டிலிருந்து குடிநீர் விநியோக அலுவலகம் போய்ச் சேரும் வரை அவள் செய்ய வேண்டியது ஒன்றும் கிடையாது. கைகள் மடியில் கிடக்கும். ஐம்பது வயதைத் தொட்ட பிறகுதான் அந்தக் கைகள் எத்தனை காலமாக இப்படிச் சும்மா கிடக்கின்றன என்று அவள் கவனிக்கத் தொடங்கினாள்.

அதற்கு ஒரு நாய் காரணம். போன ஆண்டு ஒரு மழை நாளில், பாலத்தடியில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. தானோடி அலட்டிக்கொள்ளாமல் நின்றது, நாயும் போய்விட்டது. ஆனால் சஷ்மிதாவின் வலது கால் கீழே தரையை அழுத்தி மிதித்திருந்தது. அங்கே பிரேக் எதுவும் இல்லை. அவள் வாழ்நாளில் வண்டி ஓட்டியதும் இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்தக் கால் எதையோ நிறுத்தப் பார்த்திருக்கிறது. அலுவலகம் வரும் வரை அவள் தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள், புதிதாக அறிமுகமான ஒருவரைப் பார்ப்பதுபோல.

சாலையில் மனிதர்கள் வண்டி ஓட்டுவது அவள் கல்லூரி முடிப்பதற்குள் சட்டப்படி நின்றுபோயிருந்தது. ஆசைப்படுபவர்களுக்கென்று கருமத்தம்பட்டிக்கு அப்பால் ஓர் ஓட்டக்களம் இருந்தது. எல்லோரும் ட்ராக் என்றுதான் சொன்னார்கள். சிமுலேட்டரில் மாதக்கணக்கில் பழகித் தேறினால் அங்கே ஒரு நாள் ஒதுக்குவார்கள். சஷ்மிதா தேறியிருந்தாள். வருகிற ஞாயிறு அவளுடைய நாள்.

"ஞாயித்துக்கெழம ட்ராக்குக்கு ஆள்காப்பு எடுத்துக்கறீங்களா?" என்று தானோடி கேட்டது. அதற்குக் கோவைக் குரலை அவள்தான் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள்.

"வேண்டாம்."

"வேண்டாம்னு பதிஞ்சுடட்டுங்களா? வண்டி கெளம்பற வரைக்கும் மாத்திக்கலாம்."

"பதிஞ்சுடு."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. மறுப்பது அவளுக்கு எப்போதும் சுலபமாகவே இருந்திருக்கிறது.

அவளுடைய அம்மா காலத்தில் காப்பீடு என்றால் பணம். அடிபட்டால் மருத்துவமனைச் செலவைக் கம்பெனி கட்டும். பிறகு செலவே இல்லாமல் போனது. எலும்பை இயந்திரங்கள் ஒட்டின, அதற்கு யாரும் பணம் கேட்கவில்லை. இல்லாமல் போனது ஆட்கள்தான். ஒட்டிய எலும்போடு வீடு திரும்புகிறவரைத் தூக்கி உட்காரவைக்க, சாப்பாடு வேண்டாம் என்றால் அதட்டி ஊட்ட, ஜன்னலைத் திறந்துவிட்டு நாலு வார்த்தை பேச, ஆள் கிடைக்கவில்லை. அள்ளிக்கொடுத்தாலும் கிடைக்கவில்லை. கடைசியில், மலையேறுவது, கடலுக்கடியில் இறங்குவது, வண்டி ஓட்டுவது என மனிதர்கள் தாமாகத் தேடிப்போகும் ஆபத்துகளுக்குப் பணக்காப்பை ஒழித்துவிட்டு ஆள்காப்பைக் கொண்டுவந்தார்கள். எனக்கு அடிபட்டால் நான் எழுந்து நடமாடும்வரை இவர் பார்த்துக்கொள்வார் என்று ஒருவரைக் காட்ட வேண்டும். அவருக்குத் துணையாள் என்று பெயர்.

ஆள்காப்பு கட்டாயமில்லை. அது இல்லாதவர்களுக்குப் பொது மனை இருந்தது. உடன் வேலை செய்த ஒருவரைப் பார்க்கச் சஷ்மிதா ஒருமுறை அங்கே போயிருந்தாள். இயந்திரக் கைகள் நேரம் தவறாமல் ஊட்டின, திருப்பிப் படுக்கவைத்தன, போர்வையைச் சரிசெய்தன. கஞ்சி சரியான சூட்டில் இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத இடம். வெளியே வந்தபோது அதுதான் உறுத்தியது. குறை சொல்வதற்குக்கூட அங்கே ஒருவர் இல்லை.

ஆனாலும் அது போதும் என்று அவள் தீர்மானித்திருந்தாள். ஆசை தன்னுடையது, அடியும் தன்னுடையதாகவே இருக்கட்டும். இதில் இன்னொருவரை இழுப்பது நியாயமில்லை. இப்படி நினைக்கும்போது அவளுக்குத் தன்மேல் சிறிய மதிப்புக்கூட வந்தது.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு மெஹருன்னிஸா நின்றுகொண்டிருந்தாள். பள்ளியில் கணக்கு நடத்துபவள், சஷ்மிதாவைவிட இரண்டொரு வயது சின்னவள். சஷ்மிதா மாடிச் செடிகளுக்கு ஊற்றும் தண்ணீர் மெஹர் வீட்டு வடகத்தின்மேல் சொட்டுகிறது என்பதுதான் இரண்டு வீட்டுக்கும் இடையே நடந்த நீண்ட பேச்சுவார்த்தை.

"இன்னிக்கு இன்னும் தண்ணி ஊத்தலைங்க மெஹர்," என்றாள் சஷ்மிதா.

"செடிக்கு வரலைங்க. ட்ராக்குக்குப் போறீங்களாம். ஆள்காப்பு வேண்டாம்னு சொல்லிட்டீங்களாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம? நீங்க குளியலறையில வழுக்கி விழுந்தா மணி எங்க அடிக்குது? என்ற வீட்லதான. நாங்கதான உங்களுக்கு முதலழைப்பு வீடு. வேண்டாம்னு பதிஞ்சா அந்த வீட்டுக்குச் சொல்லியாகோணும். சட்டம்."

சஷ்மிதாவுக்கு அந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. மறுத்தவர் அடிபட்டுப் பொது மனையில் கிடக்க, விவரமே தெரியாத பக்கத்து வீட்டார் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு சம்பவத்துக்குப் பிறகு அது வந்ததாம்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்னுதான்..."

"சிரமமா இல்லையான்னு நான்தான சொல்லோணும்? அதையும் நீங்களே முடிவு பண்ணீட்டீங்க." மெஹர் உள்ளே வந்து, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள். "என்ற ஸ்கூல்ல என்ன கேக்கறாங்க தெரியுமா? ஏன் மிஸ், உங்க மாடி வீட்டம்மாவுக்கு ஆருமே இல்லையான்னு. அப்ப நான் ஆரு? வடகத்துக்குச் சண்டை புடிக்க மட்டும் நானு?"

"ஸ்கூலுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான்தான் சொன்னேன். கோவத்துல."

சஷ்மிதாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மெஹர் சிரிக்கவில்லை.

"சரி, இப்பக் கேளுங்க. நான் சரிங்கறேன். முடிஞ்சுது."

ஆள்காப்பில் யாரும் மறக்க முடியாத விதி அதுதான். தானாக முன்வந்து யாரும் துணையாள் ஆக முடியாது. ஆரம்பத்தில் ஆகலாம் என்றுதான் இருந்தது. அப்படிப் பொறுப்பேற்றவர்கள் பின்னால் சொல்லிக்காட்டினார்கள், நான் உன்னைக் கேட்டேனா என்று படுத்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதனால் ஓட்டுபவரே எதிரில் நின்று, தன் குரலில், வாய்விட்டுக் கேட்க வேண்டும். மற்றவர் பதில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு குரல்கள்தான் காப்பு.

சஷ்மிதா வாயைத் திறந்தாள். கேட்க வேண்டிய வாக்கியம் தெரிந்ததுதான், சின்ன வாக்கியம்தான். மெஹர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீ குடிக்கறீங்களா?" என்றாள் சஷ்மிதா.

மெஹர் எழுந்துகொண்டாள். "ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். வேடிக்கை பாக்க. அதுக்கு ஆரையும் கேக்க வேண்டியதில்லையே?"

அவள் போன பிறகு சஷ்மிதா தனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டாள். தன்னால் ஏன் முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். படுக்கையில் விழுந்த அம்மாவை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டவள் அவள். அந்த ஆண்டுகளை இன்னொருத்திக்கு எப்படிக் கொடுப்பது?

சனிக்கிழமை செடிகளின் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது, அந்த ஆண்டுகளில் எது அத்தனை பாரமாக இருந்தது என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தூக்கியதா? இல்லை, தூக்குவதற்கு உடம்பு பழகிவிட்டது. முதுகைத் துடைத்துவிட்டதா, துணி மாற்றியதா? அதுவும் இல்லை. யோசிக்க யோசிக்க ஒன்றுதான் மேலே வந்தது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் அம்மா சொன்னாள், 'உனக்குப் பாரமாயிட்டேன் கண்ணு.' தண்ணீர் கொடுத்தால் சொன்னாள், தலையணையை நகர்த்தினால் சொன்னாள். சஷ்மிதா ஒவ்வொரு முறையும் இல்லைம்மா, இல்லைம்மா என்று சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவின் உடம்பைவிட அந்த வார்த்தையைத்தான் அவள் நாளெல்லாம் சுமந்தாள். ஒரே ஒரு நாள் அம்மா எதுவும் சொல்லாமல், இதெல்லாம் தனக்குச் சேர வேண்டியதுதான் என்பதுபோல, அவள் தோளில் தலையைச் சாய்த்திருந்தால் போதும் என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறாள்.

கிள்ளிய இலைகள் கைநிறைய இருந்தன. அவற்றைக் கீழே போடவும் தோன்றாமல் நின்றாள். மெஹரிடம் தான் சொல்லப் பார்த்ததும் அம்மாவின் அந்த வார்த்தையைத்தானே? இன்னும் விழவேயில்லை, அதற்குள் பாரமாகிவிட்டேன் என்று அறிவித்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஓட்டக்களத்தில் நல்ல காற்று. வரிசையாகப் பழைய மாதிரி வண்டிகள் நின்றன, ஸ்டீயரிங் வைத்தவை. கள அலுவலர் பொழிலன், மெலிந்த மனிதர், ஒவ்வொருவர் வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, இந்த வண்டி உங்களக் காப்பாத்தாதுங்க. நீங்க தப்புப் பண்ணுனா அதுவும் கூடச் சேர்ந்து தப்புத்தான் பண்ணும். தெரியுமல்லங்க?"

"தெரியுங்க. அதுக்குத்தானே வந்தேன்."

"ஆள்காப்பு வேண்டாம்னு இருக்குது. கடைசியா ஒருதடவ கேக்கோணும், கேக்கறேன். அப்படியே இருக்கட்டுங்களா?"

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் குடையை விரித்துக்கொண்டு மெஹர் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு டப்பா. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு குடும்பத்துக்கு அதற்குள் முறுக்கு கொடுத்துப் பேச்சு ஆரம்பித்திருந்தாள்.

"ஒரு நிமிஷங்க," என்று சஷ்மிதா வேலியை நோக்கி நடந்தாள். பொழிலன் பதிவுக் கருவியோடு பின்னால் வந்தார்.

மெஹர் அவள் வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். குடையைச் சாய்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

சஷ்மிதா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சிமுலேட்டரில் எந்த வளைவிலும் நெஞ்சு இப்படி அடித்ததில்லை. "மெஹர்," என்றாள். "எனக்கு அடிபட்டா, என்னைப் பாத்துக்குவீங்களா?"

சிரமத்துக்கு மன்னிச்சுக்கோங்க என்ற சொற்கள் அடுத்தபடியாக நாக்கின் நுனிக்கு வந்து நின்றன. அவற்றை அவள் விழுங்கினாள். கேள்வி அப்படியே, எந்தப் போர்வையும் இல்லாமல், இரண்டு பேருக்கும் நடுவே நின்றது.

இந்தக் கேள்விக்காகத்தான் மெஹர் அன்று மாடியேறி வந்து சண்டை போட்டிருந்தாள். இப்போது அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அவளை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையோ என்று சஷ்மிதாவுக்குத் தோன்றியது. நம்மை நம்பி ஒருவர் ஒன்றைக் கேட்பது நமக்குக் கிடைக்கிற ஒன்று என்பதை அவள் அந்த முகத்தில் பார்த்தாள்.

"பாத்துக்கறேன்," என்றாள் மெஹர். குரல் சரியாக வரவில்லை என்று இன்னொரு முறை சொன்னாள். "பாத்துக்கறேங்க."

பொழிலனின் கருவி மெல்ல ஒலித்தது. "பதிஞ்சாச்சுங்க."

"ஆனா படுத்துக்கிட்டு என்னை அதிகாரம் பண்ணப்படாது," என்றாள் மெஹர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"பண்ணுவேன்."

"காப்பிக்குச் சர்க்கரை பத்தலைன்னு சொல்லப்படாது."

"கண்டிப்பாச் சொல்லுவேன்."

"இதெல்லாம் முதல்லயே சொல்லியிருக்கோணும்," என்று மெஹர் பொழிலனைப் பார்த்தாள். "இப்ப மாத்த முடியாதுங்களா?" அவர் சிரித்துக்கொண்டே கருவியைப் பையில் போட்டார்.

வண்டி கிளம்பியபோது சஷ்மிதா பயந்துதான் இருந்தாள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உலகமே திரும்பியது. திருப்பாவிட்டால் நேரே போனது. இவ்வளவு எளிதான ஒன்று தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது என்பது முதல் சுற்றில் அவளுக்குக் கோபமாக வந்தது. அடுத்த சுற்றில் கோபம் போய் வேகம் வந்தது. ரப்பர் தேயும் மணம், காதுக்குள் இரையும் காற்று, வளைவில் உடம்பு ஒரு பக்கமாக இழுபடும் அந்தக் கணம். யாரும் திருத்த மாட்டார்கள். சரியும் அவளுடையது, தவறும் அவளுடையது.

விழுந்தால் மட்டும் அவள் தனியாள் இல்லை. இந்த நினைப்பு காலைக் கட்டிப்போடும் என்று அவள் நேற்றுவரை அஞ்சியிருந்தாள். அப்படி நடக்கவில்லை. யாருக்கும் வேண்டாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவதுபோல் இல்லாமல், ஒருவர் எதிர்பார்த்திருக்கும் ஒன்றைச் சுமந்துபோவதுபோல் இருந்தது. கடைசி வளைவுக்கு முன்னால் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள், போதுமான அளவு குறைக்கவில்லை. வண்டியின் பின்பக்கம் வழுக்கி, அரைச் சுற்று சுற்றி, புல்வெளியில் போய் நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. அந்த அமைதியில் ஒரு மைனா கத்துவது கேட்டது. தன் கை, தன் கால், தன் மூச்சு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் இருந்தன. யாருக்கென்று தெரியாமல், எல்லோருக்குமாக, நன்றி என்று முணுமுணுத்தாள். பிறகு இன்ஜினைத் திரும்பக் கிளப்பி மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

மெஹர் வேலியைச் சுற்றிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் வாய் முறுக்கை மென்றுகொண்டிருந்தது. "பயத்துல என்ன பண்றதுன்னு தெரியலைங்க. டப்பாவே காலி," என்றாள்.

பொழிலன் மெஹரைப் பார்த்துச் சொன்னார், "வண்டிய விட்டு எறங்கியாச்சுங்க. இத்தோட காப்பு முடிஞ்சுது. இனி இவங்க உங்க பொறுப்பில்லைங்க."

"அப்பாடா," என்றாள் மெஹர்.

சஷ்மிதா ஹெல்மெட்டின் கொக்கியைத் தேடினாள். ஒருமுறை முயன்றாள், வழுக்கியது. இன்னொரு முறை முயன்றாள். முன்பென்றால் ஓரமாகத் திரும்பி நின்று, யார் கண்ணிலும் படாமல், அது கழலும் வரை போராடியிருப்பாள். அவள் கைகளை இறக்கிக்கொண்டாள்.

"மெஹர், இதக் கொஞ்சம் கழட்டி விடுங்க."

"என்ற கையெல்லாம் எண்ணெயிங்க."

"இருக்கட்டும்."

மெஹர் கிட்டே வந்தாள். "தலைய ஆட்டாதீங்க," என்று அதட்டியபடி அவள் விரல்கள் தாடைக்கடியில் கொக்கியைத் தேடின. சஷ்மிதா கண்ணை மூடிக்கொண்டு, முகவாயை நன்றாக உயர்த்திக் கொடுத்தாள்.