சிவப்பு கிட்டாரின் வெள்ளைக் கோடு

கேசியா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கிட்டார் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்த வேகத்தில் ஊறுகாய் ஜாடி உருண்டது. சித்தூரில் அந்த வீட்டுக்குள் அப்படி நுழைய யாருக்கும் துணிச்சல் வராது, வீட்டுக்காரி தபீதாள் அப்படிப்பட்டவள். அந்தப் புதன்கிழமை காலை மட்டும் தபீதாள் ஒன்றும் சொல்லாமல் ஜாடியை நிமிர்த்தி வைத்தாள். போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் வாசித்ததை அவளும் கேட்டிருந்தாள்.

சபைக்குச் சொந்தமான பழைய எலெக்ட்ரிக் கிட்டார் கேசியாவின் பொறுப்பில் இருந்தபோது மாற்றப்பட்டது, அதன் இடத்தில் போலி வைக்கப்பட்டது என்று வாசித்தார்கள். ஒரு கல்யாண அறிவிப்புக்கும் ஞாயிறு பள்ளிச் சுற்றுலாவுக்கும் நடுவில், மைக்கில், ஒரு பெண்ணைத் திருடி என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். அன்பைப் பற்றித்தான் அன்றைக்குப் பிரசங்கம், கேட்டுக்கொள்ளுங்கள்.

கேசியா சபையின் பள்ளியில் ஒப்பந்த ஆசிரியை. சனிக்கிழமை மாலை கமிட்டி கூடுகிறது. அதற்குள் அசல் வராவிட்டால் அவள் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும், போலீசுக்கும் புகார் போகும் என்று செயலாளர் கிளமென்ட் சொல்லிவிட்டார். போலியை அவள் கையிலேயே திணித்து, உன் சாமானை நீயே வைத்துக்கொள் என்றும் சொன்னாராம்.

"போலின்னு கண்டுபிடிச்சதே நான்தான் அங்கிள்," என்றாள் கேசியா. "பிராக்டீசுக்குத் தூக்கினேன், வெயிட்டு கம்மியா இருந்தது. அப்பவே ஓடிப்போய் சொன்னேன். சொன்னவளையே திருடின்றாங்க."

அங்கிள் என்றது தபீதாளின் கணவர் அசரியாவை. மின்சார இலாகாவில் முப்பத்தோராண்டு மீட்டர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டரைத் திறந்து ஓட்டத்தைக் குறைத்த ரைஸ் மில் முதலாளிகளை ஒரு ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தே பிடித்தவர். சபையில் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். அவருக்குக் கோபம் வராது. அந்த வீட்டுக்கு வேண்டிய கோபத்தைத் தபீதாள் மொத்தமாகப் பார்த்துக்கொண்டாள்.

அசரியா நிதானமாகக் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார். அந்த கிட்டார் 1962இல் அமெரிக்காவில் செய்தது. மிஷன் டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது சபைக்கு விட்டுப் போனார். அறுபது வருஷம் அதை யாரும் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. போன கிறிஸ்துமஸுக்குக் கேசியா அதை வாசித்து வீடியோ போட்டாள். பெங்களூரில் பழைய கிட்டார் சேர்க்கிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பதினான்கு லட்சம் தருகிறேன் என்று எழுதினார். அந்த வருஷத்து கிட்டார்களே உலகத்தில் கொஞ்சம்தான் மிச்சம். அதிலும் பெயின்ட், ஸ்க்ரூ, உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் எல்லாம் செய்தபடியே இருப்பது இன்னும் கொஞ்சம்.

"புதுசா பெயின்ட் அடிச்சிருந்தா பாதி விலைகூட வராதாம் அங்கிள். அந்தச் சிராய்ப்புக்குத்தான் விலையாம்."

"நம்ம வாட்ச்மேன் இஸ்ரேலு பெஞ்சுக்கு வார்னிஷ் அடிக்கறப்ப அதுக்கும் ஒரு கோட்டு அடிக்கட்டுமான்னு கேட்டுக்கினு நின்னான்," என்றாள் தபீதாள். "ஆயர் வேணான்னாரு. இல்லன்னா ஏழு லட்சம் பிரஷ்ஷோட போயிருக்கும்."

கிட்டாரை விற்றுப் பெண்கள் விடுதிக்குக் கூரை போடுவதாகக் கமிட்டி முடிவு செய்திருந்தது. அது வைத்திருந்த அலமாரிக்குச் சாவி மூன்று. ஒன்று கேசியாவிடம், ஒன்று கிளமென்டிடம், ஒன்று இஸ்ரேலிடம்.

அசரியா போலியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பெயின்ட். முழங்கை உரசித் தேய்ந்த இடம், ஒரு கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தி சுட்ட கறுப்புப் புள்ளி, ஓரமெல்லாம் சிராய்ப்பு. எது அசலில் உண்டு, எது இல்லை என்று கேசியாவை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். எல்லாம் உண்டு, ஒன்றைத் தவிர. மேல்பகுதியில் கட்டைவிரல் அகலத்துக்கு, மங்கலாக, சாய்வாக ஒரு வெளுத்த கோடு ஓடியது. அது மட்டும் நம் கிட்டாரில் கிடையாது என்றாள் அவள்.

"செஞ்சவன் கண்ணு அவிஞ்சவன்," என்றாள் தபீதாள்.

"மெழுகுவத்தி புள்ளியக்கூட விடல. இத மட்டும் சும்மாவா போடுவான்?" என்றார் அசரியா.

பழைய ஸ்க்ரூடிரைவரால் பின்பக்கத் தகட்டைத் திறந்தார். உள்ளே ஒயர் ஆடாமலிருக்க மடித்துச் செருகிய காலண்டர் தாள் ஒன்று கிடைத்தது. அதில் திருச்சானூர் லாட்ஜ் ஒன்றின் பெயர் அச்சாகியிருந்தது.

இதற்குள் தபீதாள் சபையின் வாட்ஸ்அப் குரூப்பில் கிட்டாரின் பழைய படங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்தில் அந்தக் கோடு இல்லை. தேடும்போது, காணிக்கைக் காய்கறியைச் சபையில் ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைப் படம் ஒன்று குறுக்கே வந்துவிட, அவளுக்குப் பழைய எரிச்சல் மூண்டது. அன்று ஏலத்தில் எண்ணூறு ரூபாய்க்குப் பூசணிக்காய் எடுத்து, கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கிளமென்ட் எடுத்த படத்தில் அவள் முகம் பாதி வெளுத்துக் கிடந்தது. இன்னொன்று எடு தம்பி என்று கேட்டதற்கு, கோளாறு படத்தில் இல்லை அக்கா என்றானாம் அந்த மகராசன்.

வியாழக்கிழமை கணவனும் மனைவியும் திருப்பதி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போனார்கள். லாட்ஜின் கீழேயே ஒரு சின்னக் கடை. வீணை, ஆர்மோனியம், கிட்டார் எல்லாம் பழுது பார்க்கிற தாமோதரன் குடியாத்தத்துக்காரர். கிட்டாரைப் பார்த்ததும் ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வந்ததுபோல மலர்ந்துவிட்டார். தன் வேலைதான் என்று ஒரு வார்த்தையில் ஒப்புக்கொண்டார். ஒளிக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

வேங்கடாசலம் என்று பெயர் சொல்லி ஒருவர் போனில் பேசினாராம். அசலை லாக்கரில் வைக்கப் போகிறோம், கண்ணாடிப் பெட்டியில் வைக்க அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றாராம். ஆளை இவர் பார்த்ததே இல்லை. பணம் கொடுத்ததும் சாமானை எடுத்ததும் யாரோ ஒரு ஆட்டோக்காரர். வேங்கடாசலத்தின் நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது. அசலை அனுப்ப முடியாது என்று ஒரே ஒரு படம் அனுப்பினாராம்.

"அந்தப் படத்துல இருந்தத ஒண்ணு விடாம எறக்கி வெச்சேன் சார்," என்றார் தாமோதரன். "எதனா தப்பா?"

அசரியா அந்தப் படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். கிட்டாரை ஒரு சுண்ணாம்புச் சுவரில், பச்சைப் பட்டையடித்த இடத்தில், சாய்த்து வைத்து எடுத்திருந்தார்கள். தப்பு இல்லை, ரொம்ப நல்ல வேலை என்று சொல்லிவிட்டுப் படத்தைத் தன் போனுக்கு வாங்கிக்கொண்டார். திரும்புகிற பஸ்ஸில், அந்தப் பூசணிக்காய்ப் படத்தைக் காட்டு என்று மனைவியிடம் கேட்டார். ஊரே சிரித்தது போதாதா, நீங்களும் சிரிக்கணுமா என்று அவள் போனை வீசாத குறையாகக் கொடுத்தாள். அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை சபைக் கோயிலின் பின்னறையில் கமிட்டி கூடியது. ஆயர் நடுவில், உறுப்பினர் ஏழு பேர் சுற்றி, இஸ்ரேல் வாசலில். கேசியாவோடு அசரியாவும் தபீதாளும் வந்திருந்தார்கள். கிளமென்ட் ராஜினாமாக் கடிதத்தைத் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். விசாரிக்கும் முன்பே தீர்ப்பு எழுதுகிற அக்கிரமத்தைப் பார்த்தும் அந்த ஏழு பேரில் ஒருவர் வாய் திறக்கவில்லை. கேசியா பேனாவை எடுத்தாள். கிளமென்ட் போனைத் தூக்கி, ரெக்கார்டுக்கு இருக்கட்டும் என்று ஒரு படம் எடுத்தார்.

"இரு பாப்பா, கையெழுத்து போடாத," என்றார் அசரியா. "கிளமென்ட் தம்பி, அந்தப் படத்த குரூப்ல போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

கிளமென்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? போட்டார். அறையில் எல்லாப் போன்களும் ஒலித்தன. அசரியா மேசைமேல் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் பூசணிக்காய், ஒன்றில் தாமோதரனுக்கு வந்த கிட்டார் படம். மூன்று படத்தையும் பாருங்கள் என்றார். கேசியாவின் நெற்றியில், தபீதாளின் கன்னத்தில், கிட்டாரின் மேல்பகுதியில், படத்தின் அதே மூலையில், அதே சாய்வில், ஒரே மங்கலான வெள்ளைக் கோடு.

திருச்சானூரில் நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். "இந்தக் கோடு கிட்டாரோட நிக்கல. ஓரத்தத் தாண்டி பின்னால பச்சப் பட்டையிலயும் ஓடுது. கிட்டார்ல இருக்கற கீறல் எப்படி செவுத்துக்குப் போகும்? போனோட கேமரா கண்ணாடி விரிஞ்சிருக்குது. பாவம், தாமோதரன் அதையும் பழைய தழும்புன்னு நெனச்சி பெயின்ட்ல எறக்கிட்டாரு."

அசரியா கேசியாவைக் கைகாட்டினார்.

"கேசியா ஏழு வருஷமா இத மடியில வெச்சி வாசிக்கறா. அவ செய்யச் சொல்லியிருந்தா இல்லாத கோட்ட விட்டுவெப்பாளா? மூணு சாவியில இன்னொண்ணு இஸ்ரேல்கிட்ட. அவர்கிட்ட இருக்கறது பட்டன் போனு. மிச்சம் ஒரு சாவி."

தன் போனை யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாமே என்றார் கிளமென்ட். இருக்கலாம், போலீசு வந்து கண்டுபிடிக்கட்டும், புகார் கொடுப்போம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் அசரியா, அதே குரலில். கிளமென்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கார்வேட்டிநகரத்தில் மாமியார் வீட்டுக் கட்டிலின் கீழே, அசலைக் கம்பளியில் சுற்றி வைத்திருப்பதாகக் கடைசியில் சொன்னார். பெங்களூருக்காரரிடம் தானே தனியாக விற்றுவிட எண்ணியிருந்தாராம். உடனே இரண்டு உறுப்பினர்களும் இஸ்ரேலும் கார் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. ஆயர் ராஜினாமாக் கடிதத்தை நான்காகக் கிழித்தார். கிளமென்ட் பதவியிலிருந்து விலகட்டும், போலீசு எல்லாம் எதற்கு, வெளியில் தெரிந்தால் சபைக்குத்தானே அவமானம், எல்லோரும் மன்னித்து இதை இந்த அறையோடு விட்டுவிடுவோம் என்றார். கேசியாவைத் திருடி என்றபோது இந்த அறைக்குச் சுவர் இல்லாமல் இருந்தது, கிளமென்ட் என்றதும் நான்கு சுவரும் முளைத்துவிட்டன. தபீதாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். கேசியா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"மன்னிக்கறது அப்பால பாக்கலாம்," என்றாள். "என் பேர அறிவிப்புல படிச்சீங்க. அவர் பேரையும் அறிவிப்புல படிங்க. அப்பதான் திங்கக்கிழமை நான் கிளாசுக்குப் போக முடியும். என் பசங்களோட அம்மா அப்பாவெல்லாம் இங்கதான் உக்காந்து கேட்டாங்க."

மறுநாள் கோயில் நிரம்பி வழிந்தது. அசல் கிட்டார் பீடத்தின் ஓரத்தில் நின்றது. கேசியா அதன் பக்கம் போகாமல் கடைசி பெஞ்சில் தபீதாளுடன் உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் முடிந்தது, அறிவிப்பு வந்தது. ஆயர் கிளமென்டைப் பற்றிய தாளைப் பிரித்து, மைக்கை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, முதல் நான்கு பெஞ்சுக்கு மட்டும் கேட்கிற குரலில், மூச்சு விடாமல் படிக்க ஆரம்பித்தார்.

கேசியா எழுந்து நின்றாள்.

"ஐயா, மைக்ல படிங்க," என்றாள். "அன்னிக்கி படிச்ச மாதிரி."

கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவள் உட்காரவில்லை. ஆயர் மைக்கை இழுத்து வாயருகே வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தார்.