கீழ்வீட்டுக்காரர்

கடைசி வீட்டைத் தாண்டியதும் சாலை குறுகிக்கொண்டே போனது. வாடகைக் கார் ஓட்டி வந்தவர் இரும்புக் கதவுக்கு வெளியிலேயே அவளை இறக்கிவிட்டார். வண்டியைத் திருப்ப இடமில்லை என்று சொல்லி, வந்த வழியே பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு போனார். தூறலில் அவருடைய முன்விளக்குகள் சிறிதாகி மறையும் வரை அவள் பெட்டியோடு நின்றிருந்தாள்.

எதிரே நீரேற்று நிலையம். சுவரெல்லாம் ஈரம் குடித்துக் கறுத்திருந்தது. கண்ணுக்கு எதுவும் அசையவில்லை. ஆனால் காலணியைத் தாண்டிப் பாதத்தில் ஓர் அதிர்வு ஏறியது. தரைக்கு அடியில் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஊருக்கே குடிதண்ணீர் இங்கிருந்துதான் போகிறது.

கணினித் திரைகளைச் சரிசெய்வது அவள் தொழில். வேலை கொடுக்கும் நிறுவனத்தில் அவளைத் 'திரை டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். ஏதாவது கெட்டுப்போனால்தான் அந்தப் பெயர் யாருக்கும் நினைவுக்கு வரும். சரியாகிவிட்டால் அவளையும் மறந்துவிடுவார்கள். தனியாக ஒரு வாடகைக் குடியிருப்பில் இருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் அக்கா மட்டும் வாரக்கடைசியில் போன் செய்வாள்.

"வாங்க மேடம், வாங்க," என்று பொறியாளர் படியிலேயே ஓடிவந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். இந்த நிலையத்துக்கு மாற்றலாகி வந்து சில மாதங்களே ஆகியிருந்த, படபடவென்று பேசும் மனிதர். "உள்ள இருக்கிறது கம்ப்யூட்டர் இல்ல மேடம், என் மாமியார். நான் ஒண்ணு கேட்டா அது ஒண்ணு சொல்லும்."

கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னலே கிடையாது. மூலையில், அவர் வேலையில் சேர்வதற்கு முன்பிருந்தே ஓடிக்கொண்டிருக்கும், யூனிக்ஸ் என்ற பழைய வகைக் கணினி இயந்திரம் ஒன்று. அதனோடு பேச முன்பெல்லாம் கனமான கண்ணாடித் திரையும் விசைப்பலகையும் கொண்ட டெர்மினல் பெட்டிகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன. இப்போது மேசைமேல் ஒரு மடிக்கணினி. அதற்குள் அந்தப் பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருள். அந்த நடிப்பு பிசகினால் திரை உளறத் தொடங்கும்.

நன்றாகவே உளறியது. கட்டம் வரைய வேண்டிய இடத்திலெல்லாம் lqqqk, lqqqk என்று எழுத்துகள் வரிசைகட்டி நின்றன. அழிக்கும் விசையைத் தட்டினால் அழியாமல் புதிதாக ஒரு குறி முளைத்தது. பம்புகளின் அழுத்த எண்கள் ஒரு வரி தள்ளிப்போய், எது எந்தப் பம்புக்கு என்று தெரியாமல் கிடந்தன.

அவளுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. டெர்மினலின் வகை தவறாகக் குறித்திருந்தது. அதை மாற்றினாள். அழிக்கும் விசை எந்தக் குறியை அனுப்புகிறது என்று பார்த்து இரண்டு பக்கத்தையும் ஒத்துப்போக வைத்தாள். கோடு வரையும் எழுத்துருவை அமைத்தாள். மதியத்துக்குள் கட்டங்கள் கட்டங்களாகவும் எண்கள் எண்களாகவும் உட்கார்ந்தன.

"அடேங்கப்பா," என்றார் பொறியாளர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள், மூன்றாவது பம்பின் எண்களுக்கு மேலேயே ஒரு வரி வந்து விழுந்தது.

§Á§Ä Â¡Ã¡ÅÐ

"இதுதான் மேடம். இதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டேன். நடுநடுவுல கண்ட எழுத்தும் வந்து விழுது. நேத்து அழுத்தம் ஏறினது இதுல மறைஞ்சுபோச்சு. கொஞ்சம் விட்டிருந்தா குழாய் வெடிச்சிருக்கும்."

"லைன்ல இரைச்சலா இருக்குமோன்னு பாக்கறேன் சார்."

"எதுவா வேணா இருக்கட்டும். அதோட வாயை மட்டும் அடைச்சிடுங்க. ஒரே ஒரு கட்டளை போதும்னு யாரோ சொன்னாங்களே?"

போதும்தான். mesg n என்று தட்டினால் வேறு எந்த டெர்மினலிலிருந்தும் செய்தி இந்தத் திரைக்கு வராது. விரல்கள் விசைகளின் மேல் போய் நின்றன. ஆனால் தட்டவில்லை.

"எழுத்து வருதுன்னா எங்கயோ யாரோ அனுப்பறாங்கன்னு அர்த்தம் சார். யாருன்னு பாத்துட்டு அடைக்கறேன்."

பொறியாளர் தோளைக் குலுக்கிக்கொண்டு பம்புகளைப் பார்க்கப் போய்விட்டார். வெளியே மழை வலுத்திருந்தது.

இயந்திரத்தின் உள்ளே இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். who என்ற கட்டளைக்கு இரண்டு வரி பதில் வந்தது. முதல் வரி அவளுடையது. இரண்டாவது வரியில், பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தில் ஏழாவது லைன் என்று மட்டும் இருந்தது. அந்த ஆள் எவ்வளவு நேரமாக விசையைத் தொடாமல் இருக்கிறார் என்று காட்டும் இடத்தில் ஒரு புள்ளி.

புள்ளி என்றால், இந்த நிமிடம்கூடத் தொட்டிருக்கிறார் என்று பொருள்.

இயந்திரத்தின் பின்னால் போய்க் குனிந்தாள். லைனுக்கு ஒன்றாகக் கேபிள் செருகும் துளைகள் வரிசையாக இருந்தன. ஏழாவதற்குப் பக்கத்தில் மங்கிய ஒட்டுச்சீட்டில் 'கீழ் அறை' என்று எழுதியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தாள்.

அதில் கேபிளே இல்லை. துளையை அடைத்துக்கொண்டு தூசிதான் இருந்தது.

*

வாசல் காவலாளி டீ கொண்டுவந்தார். கோப்பையை நீட்டினாரே தவிர, அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

"கீழ் அறைன்னா எதுண்ணா?" என்று கேட்டாள்.

"வால்வு ரூம்மா அது. பூட்டிக் கெடக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் கேக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது. எனக்கு முன்னாடி காவல் இருந்தவர் சொன்னது. அங்க ஒருத்தர் வேலை பாத்தாரு. சாப்பாடு, தூக்கம் எல்லாமே கீழதான். அதனால கீழ்வீட்டுக்காரர்னே கூப்பிடுவாங்களாம். குடும்பம்னு யாரும் கெடையாது. மழை நாள் ஒண்ணுல குழாய் மூட்டு விட்டுப்போய் உள்ள தண்ணி ஏறிடுச்சு. உள்பக்கமாத் திறக்கற கதவும்மா. தண்ணி அழுத்தினா இழுக்க வருமா?"

"மேல யாரையும் கூப்பிடலையா?"

"போன் செத்துப்போச்சு. ஆனா அங்க ஒரு டெர்மினல் பெட்டி உயரத்துல இருந்துதாம். அதுல எழுதிக்கிட்டே இருந்திருக்காரு. மேல அந்த வாரம்தான் புதுசா ஒரு பெட்டி மாத்தியிருந்தாங்க. அதுல பாத்தா எல்லாம் கோணல்மாணலா எழுத்து. பெட்டி பழுதுன்னு நெனச்சு, அந்தச் செய்தியெல்லாம் வராம நிறுத்திட்டாங்க."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஆள் போனதுக்கப்புறம் வந்து கேட்க ஒருத்தர்கூட இல்லையாம்," என்றார் காவலாளி. "வேலை முடிஞ்சா கிளம்பிடுங்கம்மா. இருட்டறதுக்குள்ள."

*

பொறியாளர் சாயங்காலமே வீட்டுக்குப் போய்விட்டார். அவளும் போயிருக்கலாம். குடியிருப்பில் அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அதனாலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரையில் மறுபடியும் அதே வரி, இன்னும் நீளமாக, விழுந்தது. இந்த முறை அவள் அதை இரைச்சலாகப் பார்க்கவில்லை. இரைச்சலில் ஒழுங்கு இருக்காது. இதில் § என்ற குறி திரும்பத் திரும்ப, வேறோர் எழுத்துக்கு முன்னால் வந்து நின்றது. எழுத்துக்கு முன்னால். ஏகாரத்தின் கொம்பு வந்து நிற்பதுபோல.

அவள் நாற்காலியை மேசையோடு இழுத்துக்கொண்டாள்.

யூனிகோடு வருவதற்கு முன்னால் கணினியில் தமிழை எழுத ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் இப்படித்தான் குப்பையாகத் தெரியும். பழைய முறைகளுக்கான எழுத்துருக்களை இறக்கி, டெர்மினலின் அமைப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாள். ஒன்றில் பாதி எழுத்து வந்தது. இன்னொன்றில் எல்லாமே வெற்றுக் கட்டங்களாகின. அடுத்ததைத் தேர்ந்தெடுத்தாள்.

திரை ஒருமுறை இமைத்தது.

மேலே யாராவது இருக்கீங்களா

அதன் கீழே இன்னொன்று.

மேலே யாராவது இருக்கீங்களா

அறையில் ஈர இரும்பின் வாடை வந்தது. பம்புகளின் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது போல இருந்தது. அவள் மூச்சின் சத்தம் அவளுக்கே கேட்டது. எழுந்து ஓடிவிடலாம். மடிக்கணினியை மூடிவிடலாம். கட்டளை ஒன்றே ஒன்றைத் தட்டினால் இந்தத் திரை சுத்தமாகிவிடும்.

ஏழாவது லைனுக்குப் பதில் எழுதினாள்.

இருக்கேன்.

அடுத்த எழுத்து விழ வேண்டிய இடத்தில் கர்சர் துடித்தது. துடித்துக்கொண்டே இருந்தது.

படிக்க முடியுதா

முடியுது.

நெடுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக, நடுங்கும் விரலொன்று விசையைத் தேடித் தேடி அழுத்துவது போல வந்தன.

எவ்வளவோ எழுதிட்டேன் யாரும் படிக்கல

தண்ணி இடுப்புக்கு மேல வந்துடுச்சு

கதவு இழுக்க வரல

போயிடாதீங்க

போக மாட்டேன் என்று தட்டிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

காவலாளி மழையில் குடையோடு ஓடிவந்தார். "என்னம்மா? என்ன ஆச்சு?"

"கீழ் அறைச் சாவி வேணும்ணா."

அவள் முகத்தைப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

படிகள் இறங்க இறங்கக் குளிர் ஏறியது. கடைசிப் படியில் டார்ச் வெளிச்சம் இரும்புக் கதவில் பட்டது. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பூட்டைத் திறந்து காவலாளி கதவைத் தள்ளினார்.

அசையவில்லை.

"துருப் பிடிச்சிருக்கும்," என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கையில்லை.

இருவரும் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். கதவு ஒரு விரல் அளவு உள்ளே போய், அப்படியே திரும்பி வந்து அவர்களைத் தள்ளியது. துருவால் அப்படி முடியாது. அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று, கனமாக, மெத்தென்று, கதவின் முழு உயரத்துக்கும் அழுத்திக்கொண்டிருந்தது.

அவள் இரும்பில் காதை வைத்தாள்.

தண்ணீர் தளும்பும் சத்தம்.

"உங்களுக்குக் கேக்குதாண்ணா?"

"கேக்குது," என்று கிசுகிசுத்தார். "கேக்குதும்மா. வாங்க, போயிடலாம்."

"இன்னொரு தடவை. ஒரே ஒரு தடவை."

கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார்கள். சட்டென்று கதவு விட்டுக்கொடுத்தது. இருவரும் உள்ளே போய் விழுந்தார்கள்.

காய்ந்த தரை. தூசி. துருவேறிய வால்வுச் சக்கரங்கள். சுவரில் உயரத்தில், பெட்டியில்லாத ஒரு பலகை. அங்கே யாரும் இல்லை.

காவலாளி ஏதோ முணுமுணுத்தபடி பின்வாங்கினார். அவள் எழுந்து நின்றாள்.

"கதவு திறந்திருக்கு," என்று வெற்று அறையிடம் சொன்னாள். "வெளிய வாங்க."

அவளை உரசாமல், ஆனால் மிக அருகில், குளிர்ந்த காற்று ஒன்று படியேறிப் போனது. காவலாளி சுவரோடு ஒட்டி வழிவிட்டார். எதற்கு வழிவிட்டோம் என்று அப்புறம் அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

மேலே வந்து பார்த்தபோது திரையில் ஒரு வரி காத்திருந்தது.

வந்துட்டேன்

மறுபடியும் who தட்டினாள். ஏழாவது லைன் இல்லை. அவள் பெயர் மட்டும் இருந்தது.

*

மறுநாள் பொறியாளர் திரையை நெடுநேரம் பார்த்தார். பம்புகளின் எண்கள் பளிச்சென்று இருந்தன. குறுக்கே எதுவும் விழவில்லை.

"என்ன மேடம் பண்ணீங்க? வாயை அடைச்சிட்டீங்களா?"

"இல்ல சார். படிச்சேன்."

புரிந்தது போலத் தலையாட்டினார். வாசலில் காவலாளி அவள் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்தத் தயங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "பாத்துப் போங்கம்மா" என்று மட்டும் சொன்னார். அவர் பார்வை அவள் மேல் இல்லை. அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தது.

குடியிருப்புக்கு வந்து விளக்கைப் போட்டாள். எப்போதும் போல வீடு பேசாமல் இருந்தது. மடிக்கணினியைப் பையிலிருந்து எடுக்கக்கூட அலுப்பாக இருந்தது. குளித்து, தலை துவட்டி, கட்டிலில் சாய்ந்தபோது அக்காவின் போன் வந்தது.

"எப்படி இருந்துச்சு வேலை?"

"ம். முடிஞ்சுது."

"சாப்பிட்டியாடி? குரலே சரியில்லையே. தனியா கெடந்து ஏன் இப்படி..." அக்கா பேச்சை நிறுத்தினாள். "இரு இரு. யாரு கூட இருக்கா?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"பின்னாடி யாரோ டைப் பண்ற சத்தம் கேக்குது. தடதடன்னு இல்ல, ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடி. யாருடி அது?"

அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மேசைமேல் பை மூடியபடி இருந்தது. மேசைக்கு முன்னிருந்த நாற்காலி, உட்கார்ந்தவர் யாரோ இழுத்துவிட்டுக்கொண்டது போல, மேசையை ஒட்டி நகர்ந்திருந்தது.

பயம் வந்தது. அது மெல்ல அடங்கும் வரை அவள் அசையாமல் இருந்தாள்.

"சொல்லுடி, யாரு?"

"தெரிஞ்சவர்தான் அக்கா," என்றாள்.

பிறகு, அணைக்கப்போன விளக்கை அணைக்காமல் விட்டாள்.