குரங்கு வரவில்லை

குரங்கு வர வேண்டிய இடத்தில் மொட்டைமாடி வந்தது.

கண்காணிப்பாளர் மணவாளன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கடலூரில் அவருடைய அலுவலகத்தில் காலையிலிருந்து இதே விளையாட்டுதான். கிளார்க் இளவரசு காட்டிய இணையப் பக்கம். செல்போன் நம்பரைப் போட்டால் ஆள் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் காட்டும் என்று சொல்லி, உலகத்தைக் காட்டி, இந்தியாவைக் காட்டி, கடைசியில் பல்லிளிக்கும் குரங்கைக் காட்டும். இதில் ஒரு விசேஷம், ஒருவர்கூடத் தன் நம்பரைப் போடவில்லை. மனைவி, மகள், மருமகன் என்று போட்டுப் பார்த்து, குரங்கு வந்ததும் நிம்மதியாகச் சிரித்தார்கள். அரசாங்கக் கம்ப்யூட்டரில் இதென்ன கூத்து என்று கால்மணி நேரம் ஒழுக்கம் போதித்த மணவாளன், எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, எழிலரசியின் நம்பரைப் போட்டார்.

பதினாறு வருஷமாகத் தினமும் மதியம் சிதம்பரத்துக்குப் போன் போட்டு, "வீட்ல யாரு இருக்காங்க?" என்று மனைவியைக் கேட்பவர். அதற்கு அக்கறை என்று பெயர் வைத்திருந்தார்.

படம் வெள்ளாற்றைத் தாண்டி, அவருடைய தெருவில் இறங்கி, மாடிக் கொடியில் காலையில் அவரே காயப்போட்ட பச்சைத் துண்டைக் காட்டியது. துண்டு ஆடியது. பிறகு கூரை புகைபோல் விலக, அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நின்று நெத்திலிக் கருவாடு வறுக்கும் எழிலரசி தெரிந்தாள். மின்விசிறி கடகடக்கும் அந்த அறையில், பழைய கோப்புகளின் பூஞ்சை நாற்றத்துக்கு நடுவே, கருவாட்டு வாசனை மெல்ல அவர் மூக்கில் ஏறியது.

அவளுக்குப் பின்னால், படுக்கையறைக் கதவின் நிழலில், ஓர் ஆள்.

சந்தேகம் ஜெயித்துவிட்டதில் ஒரு கணம் மணவாளனுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவன் கையில் இருந்த அம்மிக்குழவியைப் பார்த்தார்.

போனைப் போட்டார். திரையில் அவள் எடுத்தாள்.

"எழில், வெளிய ஓடு. வீட்ல ஆள் இருக்கான்."

அவள் தோள்கள் தளர்ந்தன. "ஆரம்பிச்சிட்டீங்களா? நேத்து சிலிண்டர்காரரு, முந்தாநாள் தபால்காரரு. இன்னிக்கி யாரு?"

"சத்தியமா! திரும்பிப் பாரு!"

"பாக்கமாட்டேன். பதினாறு வருஷமா உங்களுக்காகத் திரும்பித் திரும்பிப் பாத்துக் கழுத்துதான் வலிக்குது. வைங்க போன."

வைத்துவிட்டாள்.

"இளவரசு! இங்க வாய்யா!"

டிபன் டப்பாவோடு ஓடிவந்தவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். "மாட்டிக்கிட்டீங்களா சார்! நாங்களும் காலையிலேர்ந்து இந்தக் குரங்கத்தான் பாக்குறோம். யாரு நம்பரு, வீட்டம்மாதா?"

எங்கே குரங்கு? ஆள் இப்போது ஓர் அடி முன்னால் வந்திருந்தான். கதவிலிருந்து அடுப்புக்கு ஏழு அடி. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒருமணி நேரப் பயணம்.

மறுபடி போன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"எழில், ஒன் கால்ல விழறேன். இனிமே கேக்கமாட்டேன். செத்தாலும் கேக்கமாட்டேன். ஓடிடும்மா."

அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. கரண்டி நின்றது.

திரும்பினாள்.

ஆள் வெளிச்சத்துக்கு வந்தான். நீலச் சட்டை. பாக்கெட்டில் மைக்கறை. மணவாளன் குனிந்து தன் பாக்கெட்டைப் பார்த்தார். அதே கறை.

போனில் அவள் சிரித்தாள். பயம் தெளிந்த சிரிப்பு. "அட, நீங்கதானா? உள்ள நின்னுக்கிட்டேதான் பேசுறீங்களா?"

"அது நான் இல்ல. எழில். நான் இல்ல."

குழவி முதுகுக்குப் பின்னால் போனது. மற்றொரு கை நீண்டது. அவள் போனைக் கொடுத்துவிட்டு, கருவாடு தீய்வதைப் பார்க்க அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

தீய்ந்த வாடை. முதுகுப்பக்கம் இளவரசுவின் சிரிப்பு.

திரையில் மணவாளனின் முகம் நிமிர்ந்து மணவாளனைப் பார்த்தது. காதில் அவருடைய குரலே கேட்டது.

"யார்ரா நீ? தெனமும் மத்தியானத்துல எம்பொண்டாட்டிக்குப் போன் பண்றவன்?"

அவள் பின்தலைக்கு மேல், குழவி மெதுவாக உயர்ந்தது.